வசனத்தின் எழுவாய் யார்?

கேள்வி: அப்பா இல்லாத என்னைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் என் மாமா. திருகோணமலைப் பக்கம் சம்பூர்க்காரர். இந்தப் பொங்கலுக்கு என்னோடு கந்தோரில் வேலை செய்யும் மூதூர் முஸ்லிம் தோழியைச் சாப்பிட அழைத்திருந்தேன். மாமா காணிப் பிரச்சினையைத் தொடங்கினார். பேச்சு சூடேறி, "இந்தத் தொப்பி பிரட்டிகளை நம்பித்தான் நாங்க கெட்டோம், காட்டிக்கொடுக்கிறது அவங்கட ரத்தத்தில இருக்கு" என்றார். தோழி பாதிச் சோற்றோடு கை கழுவிவிட்டாள். கேட்டால், "அரசியல் பேச எனக்கு உரிமை இல்லையா?" என்கிறார். மாமா செய்தது என்ன? கருத்துச் சொன்னதா, அவமதித்ததா? பெருநாளைக்கு அவள் அழைத்தால் எந்த முகத்தோடு போவேன்?
– வாசகி, உப்புவெளி

பதில்: இரண்டையும் செய்திருக்கிறார், தங்கச்சி. ஒரே மூச்சில் செய்ததால்தான் உங்களுக்கு இந்தக் குழப்பம்.

முதலில் மாமாவின் பக்கம். 2006இல் அரசப் படைக்கும் புலிகளுக்கும் நடந்த சண்டையில் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பிறகு அந்தக் காணிகளை அனல்மின் நிலையத்துக்கு, முதலீட்டு வலயத்துக்கு, கடற்படை முகாமுக்கு என்று ஒதுக்கினார்கள். கிளிவெட்டி அகதி முகாம் தகரத்துக்குக் கீழே வெந்தவர்கள் ஊர் திரும்பத் தொடங்கியது 2015இல்தான். அந்த மனிதர் கோபப்படாமல் வேறு யார் கோபப்படுவது? 2020 ஜூனில் கிழக்கின் தொல்பொருள் இடங்களுக்கென்று பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, அதில் ஒரு தமிழரைக்கூடப் போடவில்லை. இதையெல்லாம் அவர் மேசையில் அடித்துச் சொல்லட்டும், கெட்ட வார்த்தையே சேர்த்துச் சொல்லட்டும். அது அரசியல்தான். யார் எடுத்தார், எப்போது எடுத்தார் என்று அந்த வசனத்தில் ஆள் இருக்கிறார், ஆண்டு இருக்கிறது. எதிராளி "இல்லை" என்று மறுக்கலாம், ஆவணம் காட்டலாம், தோற்கலாம்.

அடுத்த வசனத்தில் எழுவாய் மாறிவிட்டது. அரசாங்கம் எழுந்து போய், அந்த இடத்தில் உங்கள் தோழி வந்து உட்கார்ந்துவிட்டாள். 'ரத்தத்தில் இருக்கிறது' என்பதற்கு அவள் என்ன பதில் சொல்ல முடியும்? ரத்தத்தை மாற்றிக்கொண்டா வருவாள்? 'தொப்பி பிரட்டி' என்ற சொல்லும் கட்சி மாறுகிறவனைச் சொல்வதுபோல்தான் கேட்கும். ஆனால் தொப்பி யார் தலையில் என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். (கட்சி மாறுவதில் நம்மவர்கள் மட்டும் என்ன குறைந்தா போனார்கள்!)

இன்னொன்று. அந்தச் செயலணியில் தமிழர் இல்லை என்றேன். முஸ்லிமும் இல்லை. 2006 ஆகஸ்டில் மூதூரிலும் சண்டை நடந்தது. மூதூர் முஸ்லிம்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள். மாமா காணியை இழந்த அதே வருடம். தன்னைப்போலவே அடிபட்ட ஊரின் பெண்ணைத்தான் அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். கோபம் போகவேண்டிய விலாசத்துக்கே போகவில்லை, பாருங்கள்.

தமிழரை இழிவாகச் சொல்லும் 'பற தெமளா' என்ற சிங்களச் சொல் காதில் விழுந்தால் நமக்கு வயிறு எரிகிறது. அதே வாயால் 'மோட்டுச் சிங்களவன்' என்றும், மலையகத் தமிழரைத் 'தோட்டக்காட்டான்' என்றும் வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். நானும் சொல்லிப் பழகியவள்தான். விட ரொம்ப நாள் எடுத்தது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. பத்து வருடம் வரை சிறை. 2019இல் ஒரு சிங்கள எழுத்தாளரைச் சிறுகதை எழுதியதற்காக இதே சட்டத்தில் நாலு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பொலிஸ் வேண்டாம், அங்கே நீங்கள் போதும்.

சரி, இனி என்ன செய்வது? முதலில் தோழியிடம் போங்கள், தனியாக. "மாமாவுக்கு வயசாகிவிட்டது", "அவர் பட்ட கஷ்டம் அப்படி" என்று எதையும் கொண்டுபோக வேண்டாம். "நான் அப்போதே வாய் திறந்திருக்க வேண்டும்" என்பது மட்டும் போதும். அவள் "பரவாயில்லை" என்று சொல்லவேண்டும் என்று காத்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம்.

மாமாவிடம் பின்னேரம், தேத்தண்ணி கொடுத்துவிட்டு, ஆட்கள் இல்லாத நேரம் பேசுங்கள். காணியிலிருந்தே தொடங்குங்கள். "மாமா, சம்பூரைப் பற்றி நீங்க யாரிடமும் சொல்லுங்க, நானும் கூட நிற்பேன். ஆனா அந்தச் சொல் இந்த வீட்டில வேண்டாம்." அவர் கத்துவார். "உன்னைப் படிக்கவைத்தது இதற்கா?" என்றும் கேட்பார். கேட்கட்டும். படிக்கவைத்த கடனுக்கு வயதான காலத்தில் அவரைப் பாருங்கள், அவர் வாய்க்குக் காவல் நிற்கவேண்டியதில்லை. மறுபடி விருந்தாளி முன்னால் அதே சொல் வந்தால், அந்த இடத்திலேயே "மாமா, போதும்" என்று சொல்லிவிடுங்கள்.

பெருநாளைக்கு அவள் அழைத்தால் கட்டாயம் போங்கள். மாமாவைக் கூட்டிக்கொண்டு போவது அடுத்த வருடம் பார்க்கலாம்.