கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய காந்தங்களை மறுசுழற்சி செய்யும் தொழில் தொடங்கினால் லாபம் வருமா?

முப்பந்தலை இழுக்காமல் கேட்டிருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன். மணவாளக்குறிச்சியில் நியோடிமியம் போன்ற அரிய மண் உலோகங்கள் கலந்த கடற்கரை மணல் இருக்கிறது, முப்பந்தலில் கழற்றுகிற பழைய காற்றாலைகள் இருக்கின்றன, இரண்டையும் வைத்து குமரி மாவட்டத்தில் நியோடிமியம் காந்த மறுசுழற்சி ஆலை போடலாமா என்பது உங்கள் கேள்வி. இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வீட்டிலோ பேங்கிலோ கொஞ்சம் பணம் புரட்ட முடியும் என்கிற நிலையில் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். என் அக்கா மகனும் அப்படித்தான் வந்தான்.

முதலில் காற்றாலை. தக்கலைப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் 90-களில் நட்ட 225, 250 கிலோவாட் காற்றாலைகளின் ஜெனரேட்டர்களுக்கு நானே காயில் கட்டியிருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: அதற்குள் காந்தம் கிடையாது. அவை கியர்பாக்ஸ் வைத்த இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்கள். உள்ளே செம்பு இருக்கும், இரும்புத் தகடு இருக்கும், அவ்வளவுதான். கியர்பாக்ஸ் இல்லாமல் நேரடியாகச் சுற்றும் காந்த ஜெனரேட்டர் வேறு ரகம், அதில்தான் ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ காந்தம் போகும் என்று கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கை எடுத்து முப்பந்தலின் மொத்த மெகாவாட்டோடு பெருக்கி யூடியூபில் போட்டுவிட்டு ஒருவர் போய்விடுகிறார், அதைப் பார்த்துவிட்டு "ஒரு பழைய ஜெனரேட்டர் பேசி முடித்து வைத்திருக்கிறேன், பிரித்துத் தருவீர்களா அண்ணாச்சி" என்று என் கடை வாசலில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். 2024-ல் தமிழ்நாடு அரசு பழைய காற்றாலைகளை மாற்றுவதற்குக் கொள்கை கொண்டுவந்த பிறகு இந்தத் தொல்லை கூடிவிட்டது. செம்புக்காக வாங்கினால் வாங்குங்கள், அது வேறு கணக்கு.

அடுத்து மணல். மணல் பக்கத்தில் இருப்பதால் காந்தம் பக்கத்தில் இருப்பதாக ஆகிவிடாது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற, தோரியமும் அரிய மண்ணும் கலந்த கனிமத்தைக் கண்டுபிடித்துவிட்டு மணவாளக்குறிச்சி வரை தேடி வந்தார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. அன்றைக்கு அவருக்கு வேண்டியிருந்தது கேஸ் விளக்கின் மேன்டிலுக்கான தோரியம், காந்தம் இல்லை. இன்றைக்கும் மணவாளக்குறிச்சி ஆலையில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் என்று மணலைப் பிரிப்பார்கள், அதோடு சரி. மோனசைட்டை உடைத்து அரிய மண் உப்பாக்குவது ஒடிசாவில், அதைச் சுத்தம் செய்து தனித்தனி ஆக்சைடாக்குவது ஆலுவாவில். மோனசைட்டில் தோரியம் 8 முதல் 10 சதவீதம் இருப்பதால் விஷயம் அணுசக்தித் துறையின் கையில் இருக்கிறது, நீங்களும் நானும் தொட முடியாது. தொட முடிந்தாலும் ஆக்சைடு வந்துவிட்டால் காந்தம் வந்துவிடுமா? ஆக்சைடை உருக்கிய உப்பில் மின்சாரம் செலுத்தி உலோகமாக்கி, இரும்பும் போரானும் சேர்த்து உருக்கி, மெல்லிய தகடாக ஊற்றி, ஹைட்ரஜனில் நொறுக்கி, அதையும் சில மைக்ரான் அளவுக்கு அரைத்து, காந்தப்புலத்தில் வைத்து அழுத்தி, 1000 டிகிரிக்கு மேல் வெற்றிடத்தில் சுட்டு, அறுத்து, முலாம் பூசி, கடைசியில்தான் காந்தமூட்டுவார்கள். இந்த நடுப்பகுதி பெரும்பாலும் சீனாவின் கையில் இருந்தது, இருக்கிறது. 2025 ஏப்ரலில் அவர்கள் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உட்பட 7 தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் இங்கே கார் கம்பெனிகள் வரை ஆடிப்போனது அதனால்தான். அந்த வருட நவம்பரிலேயே மத்திய அரசு வருடம் 6,000 டன் காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. அதற்கு முன்பு செப்டம்பரில், முக்கிய கனிமங்களை மறுசுழற்சி செய்ய 1,500 கோடி. இந்த எண்களைப் பார்த்துத்தான் நீங்களும் கிளம்பியிருப்பீர்கள். என் அக்கா மகன் ஏப்ரல் செய்திக்கே கிளம்பிவிட்டான்.

அவன் மெக்கானிக்கல் முடித்தவன். ஒருநாள் மார்த்தாண்டம் பக்கத்து ஆக்கர் கடைகளில், அதாவது பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, சாக்குச் சாக்காகக் காந்தம் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து கடை முன்னால் இறக்கினான். "மாமா, கிலோ என்ன வெல போவும்னு நெனைக்கிய?" என்றான். எட்டிப் பார்த்தேன். அத்தனையும் ஸ்பீக்கரில் இருந்து உடைத்தெடுத்த வளையங்கள். கருப்பு, மேலே முலாம் கிடையாது, எடுத்தால் கையெல்லாம் கருப்பு. "மக்ளே, இது ஃபெர்ரைட்டுல்லா, துருவுக்கும் கொஞ்சம் ஸ்ட்ரான்ஷியத்துக்கும் எவன் காசு குடுப்பான்" என்றேன். முகம் செத்துவிட்டது பாவம். நியோடிமியம் காந்தம் கையில் எடுத்தாலே தெரியும், அதே அளவு ஃபெர்ரைட்டை விட ஒன்றரை மடங்கு கனக்கும், நிக்கல் பூச்சு பளபளவென்று இருக்கும், அல்லது கருப்பு எபாக்சி. பூச்சு போன இடத்தைச் சுரண்டினால் வெள்ளி நிறம். மின்சாரம் மிச்சப்படுத்தும் பி.எல்.டி.சி சீலிங் ஃபேன் என்று விற்கிறார்களே, அதிலும் பெரும்பாலும் ஃபெர்ரைட்தான், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு ஃபேனை உடைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

அப்புறம் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் ஹப் மோட்டாரை எடுத்து அவன் முன்னாலேயே பிரித்துக் காட்டினேன். பக்க மூடியின் ஸ்க்ரூவை எல்லாம் கழற்றினாலும் அது வராது, உள்ளே காந்தம் ஸ்டேட்டரை, அதாவது காயில் சுற்றிய சுழலாத பகுதியைப் பிடித்து வைத்திருக்கும். புல்லர் போட்டு மில்லி மில்லியாக எழுப்ப வேண்டும். பாதியில் கையை விட்டால் அப்படியே திரும்ப உள்ளே பாயும், நடுவில் விரல் இருந்தால் விரல் போச்சு. ஸ்டேட்டரை வெளியே எடுத்தால் வளையத்தின் உள்சுவர் முழுக்க ஒரு விரல் அகலத்தில் பட்டை பட்டையாகக் காந்தம் ஒட்டியிருக்கும், வடக்கும் தெற்கும் மாறி மாறி. அந்த மோட்டாரின் வண்டி குளச்சலில், கடல் ஓரத்து வீட்டில் நின்றது. உப்புக் காற்று உள்ளே போய், இரண்டு மூன்று பட்டைகளில் நிக்கல் தோல் அப்பளம் போல உப்பி நின்றது. விரலால் தொட்டதும் தோல் உடைந்தது, உள்ளே காந்தம் இல்லை, சாம்பல் நிறத் தூள்தான். காந்தத்துக்குள் இருக்கும் நுண்ணிய மணிகளுக்கு நடுவில் நியோடிமியம் அதிகமாக இருக்கிற மெல்லிய படலம்தான் முதலில் ஈரத்தைக் குடித்து உப்புகிறது, மணிகள் ஒன்றையொன்று விட்டுவிடுகின்றன.

இதையே ஈரத்துக்குப் பதில் ஹைட்ரஜனை வைத்து வேண்டுமென்று செய்தால் அதுதான் மறுசுழற்சி. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் செய்து காட்டிய முறை அது. ஹார்ட் டிஸ்கின் காந்தப் பகுதியை ஹைட்ரஜன் வாயுவில் வைத்தால் அந்த நடுப் படலம் ஹைட்ரஜனைக் குடித்து விரியும், காந்தம் தானாகவே பொடியாகும், காந்தசக்தியும் போய்விடும், நிக்கல் தோல் தனியாக உரிந்து சல்லடையில் நின்றுவிடும். அந்தப் பொடியில் கொஞ்சம் புது நியோடிமியம் சேர்த்து மறுபடி அழுத்திச் சுட்டால் திரும்பக் காந்தம். அமிலமும் வேண்டாம், ஆக்சைடு ஆக்கி மறுபடி உலோகமாக்குகிற சுற்றும் வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது, அங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும்: போடுகிற சரக்கு ஒரே இனமாகவும் துருப்பிடிக்காமலும் இருக்க வேண்டும். ஏனென்றால் காந்தத்துக்குக் காந்தம் கலவை வேறு. சாதாரண ரகம் 80 டிகிரி வரை தாங்கும், மோட்டாருக்குப் போகிறது 150, 180 டிகிரி தாங்க வேண்டும், அதற்காக டிஸ்ப்ரோசியம் சேர்ப்பார்கள், அதுதான் விலை உயர்ந்த ஐட்டம், நம்மூர் மோனசைட்டிலும் அது மிகக் குறைவு. இப்போது புத்திசாலிக் கம்பெனிகள் டிஸ்ப்ரோசியத்தைக் காந்தம் முழுக்கக் கலப்பதில்லை, மேலே பூசிச் சூடேற்றி மணிகளின் ஓரத்துக்கு மட்டும் ஊடுருவ விடுகிறார்கள். கொஞ்சம் சரக்கில் அதே சூடு தாங்கும். வீணாவதைக் குறைக்க, பெரிய கட்டியாகச் சுட்டு அறுப்பதற்குப் பதில் ஆரம்பத்திலேயே கடைசி வடிவத்துக்குப் பக்கத்தில் அழுத்துவதும் உண்டு, ஏனென்றால் அறுவையில் போகும் சேறு லேசுப்பட்டது இல்லை. அந்தச் சேறும் மறுசுழற்சிக்குத்தான் போகும், ஆனால் அது ஆக்சிஜனைக் குடித்துவிட்டது, அமிலத்தில் கரைத்துத்தான் மீட்க வேண்டும்.

ஆகவே ஹார்ட் டிஸ்க், ஸ்கூட்டர் மோட்டார், பொம்மை, பர்ஸ் பட்டன் எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டினால் அது குப்பை. ஹார்ட் டிஸ்க் காந்தம் தனி, இன்ன கம்பெனியின் இன்ன மாடல் ஹப் மோட்டார் தனி என்று பிரித்து, தேதி எழுதி, ஈரம் படாமல் வைத்தால் அது சரக்கு. ஒரு டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்கில் 10 முதல் 20 கிராம் வரும், அவ்வளவுதான். உலகம் முழுக்கவே பழைய பொருளில் இருந்து மீட்கிற அரிய மண் 1 சதவீதத்துக்கும் கீழே என்று 2011-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் சொன்னதற்குக் காரணம் மூளை இல்லாமல் இல்லை, இந்தப் பிரிக்கிற வேலையை யாரும் ஒரு வேலையாக மதிக்காததுதான். நான் சொல்வது, ஆலை போடாதீர்கள், பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ரீவைண்டிங் கடை, கம்ப்யூட்டர் சர்வீஸ், ஆக்கர் கடை, இந்த மூன்றோடும் பழகுகிறவனிடம்தான் சரக்கு வரும்.

இதைப் படித்துவிட்டு ஒரு மெட்டலர்ஜி புரொபசர் வந்து "எக்ஸ்ரே ஃப்ளோரசன்ஸ் மெஷின் வைத்தால் ஒரு நிமிடத்தில் கலவை தெரியுமே" என்பார். தெரியும் சார், மறுக்கவில்லை. மெஷின் விலையையும் சொல்லுங்கள், பட்டையைச் சேதமில்லாமல் கழற்றித் தருவது யார் என்பதையும் சொல்லுங்கள். இன்னொருவர் 2022 மின்கழிவு விதிகளின்படி பதிவு இல்லாமல் பிரிப்பது சட்டவிரோதம் என்பார், அதுவும் சரிதான், பதிவு வாங்கிவிட்டே செய்யுங்கள். ஆனால் அதே விதிகளின் கீழ் மறுசுழற்சியாளருக்குக் கிடைக்கும், உற்பத்திக் கம்பெனிகளுக்கு விற்கக்கூடிய சான்றிதழ் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்ற நான்கு உலோகக் கணக்கில்தான் தொடங்கியது. நியோடிமியத்துக்குச் சான்றிதழும் இல்லையென்றால் அந்தப் பட்டை இரும்போடு இரும்பாக உலைக்குத்தான் போகும். ஸ்கூட்டர் கம்பெனிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, மோட்டாருக்குள் காந்தம் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் சின்ன ஹால் சென்சார் ஒன்று போனதற்கு முழு மோட்டாரையும் மாற்றச் சொல்கிறார்கள், சென்சாரை மட்டும் வெளியில் தர மாட்டார்கள். நான் வேறு இடத்தில் வாங்கிப் போட்டு ஓட வைத்தால் வாரன்டி போச்சு என்று வண்டிக்காரரை மிரட்டுகிறார்கள். காந்தத்தை மிச்சம் பிடிக்க முதல் வழி மோட்டாரைத் தூக்கிப் போடாமல் இருப்பது என்று இவர்களுக்கு யார் சொல்வது.

சொல்ல வந்தால் எல்லாம் வருகிறது. வளம் வளம் என்கிறார்களே, எங்கள் ரோட்டில் வந்து நின்று பாருங்கள், மலையை உடைத்துக் கல்லாக்கி டாரஸ் லாரியில் ராத்திரி பகலாகக் கேரளத்துக்கு ஓட்டுகிறார்கள், என் கடை முன்னால் ரோடு பல்லிளிக்கிறது, புழுதியில் வைண்டிங் வார்னிஷ் காய வைக்க முடியவில்லை. மணவாளக்குறிச்சி ஆலைக்காகக் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் நடப்பதாக இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் கடலோர ஜனங்களின் எதிர்ப்பில் தள்ளிப்போனது. உடனே "வளர்ச்சி வேண்டாம் என்கிறவன்" என்று கமென்ட்டில் கிளம்பாதீர்கள், என் சோறு மோட்டாரில் இருந்து வருகிறது, மோட்டார் காந்தத்தில் இருந்து வருகிறது. எடுத்ததை இன்னொரு முறை பயன்படுத்தத் தெரியாதவர்கள் இன்னும் கொஞ்சம் எடுக்கிறோம் என்றால் எரிச்சல் வருகிறது, அவ்வளவுதான்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அக்கா மகன் இப்போது ஆலைப் பேச்சை விட்டுவிட்டு, நாகர்கோவிலில் ஒரு சர்வீஸ் சென்டரில் இருந்து பழைய ஹார்ட் டிஸ்க்குகளை எடுத்து, பதிவு உள்ள ஒரு மறுசுழற்சிக் கம்பெனிக்குப் பிரித்துக் கொடுக்கிறான். இப்போதைக்குப் பெட்ரோல் செலவு போக ஏதோ நிற்கிறது, பெரிய லாபம் என்று பொய் சொல்ல மாட்டேன். நீங்களும் செய்வதானால் காந்தத்தை கிரைண்டரில் மட்டும் வைக்காதீர்கள், அந்தத் தூள் காற்றுப் பட்டே தீப்பிடிக்கும். பட்டை எழுப்பப் பசையைச் சூடாக்குவதானால் வெளியில் வைத்துச் செய்யுங்கள், புகை நல்லதில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்களை அந்த மேசைப் பக்கம் விடாதீர்கள். விலை கேட்டு எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பவும் வேண்டாம், நான் காந்தம் வாங்குவதும் இல்லை விற்பதும் இல்லை, மோட்டார் எரிந்தால் கொண்டு வாருங்கள்.