நார்ஸ் புராணத்தில் தோர், லோகி தவிர உங்களுக்குப் பிடித்த கடவுள் யார், ஏன்?

டீர். ஒற்றைக் கை டீர்.

மார்வெல் படங்கள் வழியாக இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு இந்தப் பெயர் அவ்வளவாகப் பழக்கமிருக்காது. அந்தப் படங்களை நானும் விசிலடித்துப் பார்த்தவன்தான். ஆனால் பழைய கதைகளில் லோகி தோரின் தம்பி இல்லை, கடவுள்களின் தலைவன் ஓடினோடு ரத்தம் கலந்து உறவு பூண்டவன். சாவுலகை ஆளும் ஹெல் ஓடினின் மகள் இல்லை, லோகியின் மகள். டீரின் கதையும் லோகியின் பிள்ளைகளிடமிருந்துதான் தொடங்குகிறது.

அங்கர்போதா என்ற அரக்கியிடம் லோகிக்கு மூன்று பிள்ளைகள். கடவுள்கள் ஹெல்லைக் கீழுலகுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது ஒரு பாம்பு, அதைக் கடலில் எறிந்தார்கள். மூன்றாவது ஃபென்ரிர் என்ற ஓநாய்க்குட்டி. அதை மட்டும் தங்கள் இடத்திலேயே வைத்து வளர்த்தார்கள். கிட்டப் போய் அதற்குத் தீனி போடும் துணிச்சல் டீர் ஒருவனுக்குத்தான் இருந்தது.

குட்டி நாளொரு மேனியாக வளர்ந்தது. இதனால்தான் நமக்கு அழிவு என்ற குறியும் வந்தது. கொன்றிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். தங்கள் புனித இடத்தில் ரத்தம் சிந்தக் கூடாது என்று பார்த்தார்களாம். சரி, கட்டிப் போடுவோம் என்று முடிவாயிற்று. ‘உன் பலத்தைக் காட்டு பார்ப்போம்’ என்று உசுப்பேற்றி ஒரு சங்கிலியால் கட்டினார்கள். ஒரே உதையில் தெறித்தது. இன்னும் கனமான இரண்டாவது சங்கிலிக்கும் அதே கதி. அப்புறம்தான் குள்ளர்களிடம் ஆளனுப்பி கிளெய்ப்னிர் என்ற கட்டைச் செய்ய வைத்தார்கள். அதில் சேர்ந்த சரக்கு: பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் தசைநார், மீனின் மூச்சு, பறவையின் எச்சில். பூனை நடந்தால் சத்தம் கேட்காததற்கு இதுதான் காரணமாம்! பார்த்தால் வெறும் பட்டு நாடா.

ஓநாய் ஏமாறவில்லை. இத்துனூண்டு நாடாவை அறுத்து எனக்கு என்ன பேர் வரப்போகிறது, இதில் சூது இல்லையென்றால் உங்களில் ஒருவர் என் வாயில் கையை வையுங்கள் என்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீர் தன் வலது கையை நீட்டினான். ஓநாய் திமிறத் திமிறக் கட்டு இறுகியது. எல்லோரும் சிரித்தார்கள், டீரைத் தவிர. அவன் கை போயிற்று. இந்தக் கதையைச் சொல்லும் ஸ்னோரி ஸ்துர்லுசன் அதற்கு மேல் ஒரு வார்த்தை அழுதுவைக்கவில்லை.

இணையத்தில் டீரை ‘நீதியின் கடவுள்’ என்று போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்னோரி அவனைத் துணிச்சல்காரன் என்கிறார், போரில் வெற்றி தருபவன் என்கிறார், சமாதானம் பண்ணிவைப்பவன் என்று அவனுக்குப் பேரில்லை என்றும் சேர்த்தே சொல்கிறார். இங்கே நியாயம் ஓநாயின் பக்கம். கொடுத்த வாக்கு பொய் என்று டீருக்குத் தெரியும். தான் சோறு போட்டு வளர்த்த பிராணியை ஏமாற்றும் கூட்டத்தில் அவனும் ஒருவன். ஆனால் அந்தப் பொய்க்கு விலை கொடுத்தவன் அவன் மட்டும்தான். எனக்கு அவனைப் பிடிப்பது இதனால்தான்.

பின்னால் ஒரு விருந்தில் லோகி இந்தக் கையைச் சொல்லியே அவனைக் குத்திக்காட்டுவான். எனக்குக் கை இல்லை, உனக்கு உன் ஓநாய் இல்லை, இழப்பு இருவருக்கும்தான் என்று டீர் பதில் சொல்வான். கட்டுண்டு கிடக்கும் அந்த ஓநாய் படும் பாட்டையும் மறக்காமல் சொல்வான்.

இந்தக் கடவுள்கள் முன்பு விட்டுக்கொடுத்தது எல்லாம் ரக்னரோக் என்ற கடைசிப் போரில் கணக்குக்கு வரும். ஃப்ரேய் என்ற கடவுள் ஒரு பெண்ணுக்காகத் தன் வாளைக் கொடுத்தவன். அன்று வாளில்லாமல் நின்று சாவான். ஃபென்ரிர் கட்டறுத்து வந்து ஓடினையே விழுங்கும். அதன் கீழ்த்தாடையை மிதித்து வாயைக் கிழிப்பவன் ஓடினின் மகன் விதார். அவன் காலில் இருக்கும் செருப்பு, மனிதர்கள் செருப்பு தைக்கும்போது நுனியிலும் குதிகாலிலும் வெட்டிப் போடும் தோல் துண்டுகளால் ஆனது. கடவுளுக்கு உதவ நினைப்பவர்கள் அந்தத் துண்டுகளைத் தூர எறிய வேண்டுமாம். பூசை, பலி எதையும்விட எனக்குப் பிடித்த காணிக்கை இதுதான்.

பெண் தெய்வங்களில் ஸ்காடி. அப்பாவைக் கொன்றுவிட்டார்கள் என்று ஆயுதத்தோடு வந்து நின்றவள். ஈடாக ஒரு கணவனைத் தேர்ந்துகொள், ஆனால் பாதத்தை மட்டும்தான் பார்க்கலாம் என்றார்கள். அழகான பாதம், கடவுள்களில் அழகனான பால்டராகத்தான் இருக்கும் என்று காட்டினாள். வந்தது கடல் தெய்வமான நியோர்ட். அவனுக்கு மலையில் ஓநாய் ஊளை தாங்கவில்லை, அவளுக்குக் கடற்கரையில் கடற்பறவைக் கூச்சலில் தூக்கம் வரவில்லை. அவள் மலைக்கே திரும்பிவிட்டாள்.

படிக்க விரும்பினால் ஸ்னோரியின் ‘எட்டா’ (Edda) என்ற நூலில் தொடங்குங்கள். ஐஸ்லாந்துக்காரர், கிறிஸ்தவர். நாடு மதம் மாறி இருநூறு வருடம் கழித்து, 1220 வாக்கில், கவிதை எழுதுபவர்களுக்குக் கையேடாக இதை எழுதினார். 1241இல் அரசியல் பகையில் தன் வீட்டிலேயே வெட்டுப்பட்டுச் செத்தார். இன்னொரு மூலம் பழைய பாடல்களின் தொகுப்பு. அதன் தோல் சுவடி 1643இல் ஒரு பிஷப் கையில் கிடைத்து, டென்மார்க் அரசரிடம் போய், 1971இல்தான் கப்பலேறி ஐஸ்லாந்துக்குத் திரும்பியது.

அதில் முதலில் த்ரிம் என்ற அரக்கன் தோரின் சுத்தியலைத் திருடிய பாட்டைப் படியுங்கள். ஃப்ரேயா என்ற பெண் தெய்வத்தைக் கட்டிக்கொடுத்தால்தான் திருப்பித் தருவேன் என்கிறான். அவள் முடியாது என்று சீறியதால் தோரே மணப்பெண் வேடத்தில் போகிறான். பந்தியில் ஒரு முழு மாடும் எட்டு சால்மன் மீனும் காலி. மாப்பிள்ளை மிரள, தோழி வேடத்தில் இருக்கும் லோகி சமாளிக்கிறான்: கல்யாண ஆசையில் பெண் எட்டு நாளாகச் சாப்பிடவே இல்லை!