ஐந்து ஆண்டுகள் கட்டிய பிரீமியம் வீண்தானா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். வயது 41. நான், மனைவி, மகள் மூவருக்கும் சேர்த்து 5 லட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்து, ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுதோறும் ஏறக்குறைய 24,000 ரூபாய் கட்டி வருகிறேன். இதுவரை ஒரு முறைகூட கிளெய்ம் செய்ததில்லை. சென்ற ஆண்டு எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அந்தப் பணத்தை ஆர்.டி.யில் போட்டிருந்தால் வட்டியோடு கையில் இருந்திருக்குமே என்று மனம் அடித்துக்கொள்கிறது. பாலிசியை நிறுத்திவிட்டுச் சேமிக்கலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். உங்கள் கணக்கில் தவறில்லை. மாதம் 2,000 ரூபாய் வீதம் 6.5 சதவீத வட்டியில் போட்டிருந்தால், ஐந்து ஆண்டுகளில் சுமார் 1.4 லட்சம் சேர்ந்திருக்கும். ஆனால் அது ஐந்தாம் ஆண்டின் முடிவில்தான் சேரும். இரண்டாம் ஆண்டிலேயே வீட்டில் ஒருவருக்குப் பெரிய அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருந்தால், கையில் ஐம்பதாயிரம்கூட இருந்திருக்காது, கடையின் சரக்கை விற்றோ வட்டிக்கு வாங்கியோதான் கட்டியிருப்பீர்கள். சேமிப்பு வளரும்வரை நோய் காத்திருக்காது என்பதற்காகத்தான் பிரீமியம் கட்டுகிறோம்.

நீங்கள் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பாலிசி எடுக்கும்போதே இருந்த நோய்களுக்குக் கிளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 36 மாதங்கள். இடைவிடாமல் 60 மாதங்கள் கட்டியவரின் கிளெய்மை, மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, நோயைச் சொல்லாமல் மறைத்தார் என்று கூறி மறுக்க முடியாது. இந்த இரண்டு எல்லைகளையும் நீங்கள் கடந்துவிட்டீர்கள். சர்க்கரையும் பாலிசி எடுத்த பிறகு வந்ததால், அது உங்களுக்கு முன்பே இருந்த நோயாகக் கருதப்படாது. இன்று விட்டுவிட்டு நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பினால், அதே சர்க்கரை பழைய நோயாகிவிடும். கூடுதல் பிரீமியமோ, புதிய காத்திருப்போ, மறுப்போ நேரலாம். ஐந்து ஆண்டுப் பணத்தில் நீங்கள் வாங்கிய சொத்து இதுதான்.

செலவு குறையவும் வழி வந்திருக்கிறது. தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அடுத்த புதுப்பிப்பு நோட்டீஸில் வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதே நேரத்தில், சேமிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் கட்டணம், மாதாந்திர மாத்திரை, பாலிசி ஏற்காத கையுறை போன்ற பொருள்களின் விலை ஆகியவற்றுக்குத் தனியாக ஆர்.டி. போடுங்கள். மொபைலுக்கும் மிக்ஸிக்கும் விற்கப்படும் நீட்டிப்பு வாரண்டியை விட்டுவிட்டு, அந்தத் தொகையையும் அதிலேயே சேர்க்கலாம். மிக்ஸி பழுதானால் குடும்பம் நொடித்துப்போகாது.

பாலிசியில் அறை வாடகை வரம்பு இருக்கிறதா என்பதையும் படித்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்பு இருக்கும்போது 8,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகை வித்தியாசத்தோடு, மருத்துவர் கட்டணம் முதலிய செலவுகளிலும் அதே விகிதத்தில் வெட்டு விழும். அந்த வரம்பு உங்களுக்குப் போதாது என்று தோன்றினால், காத்திருப்புக் காலத்தின் பலன் குலையாமல் வேறு நிறுவனத்துக்குப் பாலிசியை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. புதுப்பிக்கும் தேதிக்குப் போதிய நாள்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். புதிய நிறுவனம் எழுத்தில் ஏற்கும்வரை பழையதை மட்டும் காலாவதியாக விடாதீர்கள்.