டாலஸ் கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது

காட்பாடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அமெரிக்காவில் கருக்கலைப்பு உரிமையைக் காக்க மசோதா பாஸ் ஆயிடுச்சாமே. டாலஸ்ல குடியேறினா கவலையில்லைதானேக்கா?"

அப்படி நம்பிக் கிளம்பிடாதீங்கம்மா. நீங்க சொல்ற அந்தப் பெண்கள் உடல்நலப் பாதுகாப்பு மசோதா கீழவையில் ரெண்டு தடவை நிறைவேறுச்சு: 2021 செப்டம்பர்ல 218-211, 2022 ஜூலையில 219-210. மேலவையான செனட்ல விவாதத்தை முடிச்சு ஓட்டெடுப்புக்குக் கொண்டுபோகவே 60 பேர் வேணும். 2022 மே மாசம் 49 பேர்தான் கை தூக்கினாங்க. அடுத்த மாசமே உச்ச நீதிமன்றம், நாடு முழுக்கக் கருக்கலைப்பு உரிமை கொடுத்திருந்த 1973 ரோ தீர்ப்பை ரத்து பண்ணிடுச்சு. அதிலிருந்து நீங்க இருக்கிற மாநிலத்தோட சட்டம்தான் உங்களுக்கு. எந்த விசான்னாலும் அதேதான்.

நம்ம ஊர்ல 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புக்கிட்டா போதும், அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கே போகலாம். டாலஸ் இருக்கிற டெக்சாஸ் மாநிலத்துல முதல் வாரத்திலிருந்தே தடை. பாலியல் வன்கொடுமைக்கோ குழந்தையின் குறைபாட்டுக்கோ விலக்கு கிடையாது. தாயின் உயிருக்கோ முக்கிய உறுப்புக்கோ ஆபத்துன்னா மட்டும்தான். தண்டனை பொண்ணுக்கு இல்லை, டாக்டருக்கு: ஆயுள் வரைக்கும் சிறை, குறைஞ்சது ஒரு லட்சம் டாலர் அபராதம். அந்தப் பயத்துல ரத்தப்போக்கோட வர்றவங்களைக்கூடக் காக்க வைக்கிறது பெரிய அநியாயம். குழாய்க் கர்ப்பத்துக்குச் சிகிச்சையும், இறந்த கருவை எடுக்கிறதும் அந்தத் தடையில் வராது. அவசரப் பிரிவுல தயங்கினா இதைச் சொல்லிக் கேளுங்க.

வாரக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து ஓடும். நாள் தள்ளிப்போச்சுன்னு தெரியும்போதே நாலு வாரம் முடிஞ்சிருக்கும். அமெரிக்காவில் தடையில்லாத மாநிலங்கள்லகூடக் கருக்கலைப்பு மாத்திரைக்கு அனுமதி 10 வாரம் வரைதான். அதனால தேதியை எழுதி வைங்க, தள்ளின வாரமே டெஸ்ட் பண்ணிடுங்க. குறைபாடு பார்க்கிற பெரிய ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துல. அதுக்குக் காத்திருக்காம 11-13 வார ஸ்கேனைக் கேட்டு வாங்குங்க.

அத்தை மகன், தாய்மாமன்னு சொந்தத்துல கல்யாணம் பண்ணியிருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடியே சிஎம்சியில் மரபணு ஆலோசனை பார்த்துடுங்க. ரிப்போர்ட்டெல்லாம் கையோட எடுத்துட்டு வாங்க.

டாலஸ்ல இருக்கிறவங்களுக்குப் பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோ ஒரு வழி. அங்கே சட்டப்படி செய்யலாம், ஆல்புகர்க்கிக்குக் கார்ல சுமார் பத்து மணி நேரம். மெக்சிகோ நாட்டு எல்லைப் பக்கத்து நெடுஞ்சாலைகள்ல குடியேற்றச் சோதனைச் சாவடி உண்டு, பாஸ்போர்ட்டும் ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள வந்ததுக்கான பதிவு) பிரதியும் எப்பவும் பையில இருக்கட்டும்.