நாற்காலிக் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல இனங்கள் வாழும் மக்களாட்சிகளில் மக்கள்தொகை விகிதப்படி இடங்களைப் பிரித்துக் கொடுத்தால் மட்டும் போதாது என்று எழுதியிருந்தீர்கள். எண்ணிக்கைக்கேற்ற பங்கைவிட நேர்மையான வழி வேறு உண்டா? உண்டென்றால் எந்த நாட்டைச் சொல்வீர்கள்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விகிதப் பங்கு நேர்மையானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அது எதைத் தரும், எதைத் தராது என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம். நூற்றுக்குப் பதினைந்து பேர் உள்ள சமூகத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து இடங்கள் கிடைத்தால், அவர்கள் எல்லா விவாதத்திலும் பேசலாம், எல்லா வாக்கெடுப்பிலும் தோற்கலாம். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது இலங்கை நாடாளுமன்றத்தில் தமிழ் உறுப்பினர்கள் இருக்கத்தான் செய்தார்கள். எதிர்த்தார்கள், சட்டம் நிறைவேறியது.

விகிதம் என்றாலே தலைகளை எண்ணியாக வேண்டும், எண்ணுவதே பிறகு வம்பாகிவிடும். லெபனானில் 1943இல் எழுதப்படாத உடன்பாடு ஒன்றின்படி குடியரசுத் தலைவர் பதவி மரோனைட் கிறிஸ்தவருக்கும், பிரதமர் பதவி சுன்னி முஸ்லிமுக்கும், அவைத்தலைவர் பதவி ஷியா முஸ்லிமுக்கும் போயின. நாடாளுமன்ற இடங்கள் கிறிஸ்தவருக்கு ஆறு, முஸ்லிமுக்கு ஐந்து என்ற கணக்கில் பிரிந்தன. அடிப்படை 1932ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. அதற்குப் பின் இன்றுவரை அங்கே அதிகாரபூர்வமான கணக்கெடுப்பே நடக்கவில்லை, ஏனெனில் புதிய எண் எதுவானாலும் யாரோ ஒருவரின் நாற்காலி ஆடும். உள்நாட்டுப் போரை முடிக்க வந்த 1989 தாயிஃப் உடன்பாட்டில்தான் ஆறுக்கு ஐந்து என்பது சரிபாதியானது.

இன்னொரு கோளாறு, எந்தப் பெட்டியிலும் அடங்காத மனிதர். 1995 டேட்டன் ஒப்பந்தத்தின்படி போஸ்னியாவின் தலைமைப் பதவியில் போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), குரோவாட், செர்பியர் என இனத்துக்கு ஒருவராக மூவர் அமர்கிறார்கள். ரோமா இனத்தவரான டெர்வோ செய்டிச், யூதரான யாக்கோப் ஃபின்சி இருவரும் அந்தத் தேர்தலில் நிற்கவே முடியாது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் இதைப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அப்போது ஃபின்சி சுவிட்சர்லாந்தில் போஸ்னியாவின் தூதர்! வெளிநாட்டில் நாட்டின் பெயரால் பேசலாம், உள்நாட்டில் வேட்பாளராக முடியாது. அந்த விதி இன்னும் திருத்தப்படவில்லை.

வட அயர்லாந்தின் 1998 புனித வெள்ளி உடன்படிக்கை, இன்ன பதவி இன்ன சமூகத்துக்கு என்று எழுதி வைக்கவில்லை. பிரிட்டனோடு இருக்க விரும்புவோர், அயர்லாந்தோடு இணைய விரும்புவோர் என்ற இரு தரப்பும் சேர்ந்து ஆளும் ஏற்பாடு அது; முதல் அமைச்சரும் துணை முதல் அமைச்சரும் சம அதிகாரம் கொண்டவர்கள். ஒருவர் விலகினால் மற்றவரும் பதவி இழப்பார். 2022 பிப்ரவரியில் முதல் அமைச்சர் பால் கிவன் விலகியபோது துணை முதல் அமைச்சர் மிஷேல் ஓநீலின் பதவியும் அப்படித்தான் போனது. ஆட்சி திரும்ப இரண்டு ஆண்டுகள் ஆயின என்பதையும் சொல்லியாக வேண்டும். பிணைத்துக் கட்டிய கயிறு கழுத்தையும் இறுக்கும்.

நீங்கள் ஒரு நாட்டைக் கேட்டதால் சொல்கிறேன்: பெல்ஜியம். அங்கே டச்சு மொழியினரே பெரும்பான்மை. ஆனாலும் 1970 முதல், பிரதமரைத் தவிர்த்து, அமைச்சரவையில் டச்சு, பிரெஞ்சு மொழியினர் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஒரு மசோதா மொழிச் சமூகங்களுக்கு இடையிலான உறவைக் கடுமையாகக் கெடுக்கும் என்று நாடாளுமன்றத்தில் ஒரு மொழிக் குழுவின் முக்கால்வாசி உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் விவாதம் நிற்கும், அந்தச் சமபாதி அமைச்சரவை முப்பது நாளில் கருத்துச் சொல்ல வேண்டும். இதை அபாய மணி என்கிறார்கள். தடுப்புரிமை போல இது மசோதாவைக் கொன்றுவிடாது, யோசிக்க வைக்கும்; மணியும் மிக அரிதாகவே அடிக்கப்பட்டிருக்கிறது.

2010–11இல் அங்கே அமைச்சரவை அமைக்க 541 நாட்கள் ஆயினவே என்று நீங்கள் கேட்கக்கூடும். ஆயின, ஆனால் அந்த நாட்களில் மொழிச் சண்டையில் யாரும் சாகவில்லை. என் உறுத்தல் வேறு. பிரஸ்ஸல்ஸில் இரு மொழியும் பேசும் வீட்டில் பிறந்த ஒருவர் அந்த வட்டாரச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட விரும்பினால், பிரெஞ்சுப் பட்டியல், டச்சுப் பட்டியல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்.