அமெரிக்காவில் டபுள் மேஜர் (இரண்டு முதன்மைப் பாடங்கள்) எடுத்து, நான்கு வருடம் முடியும் முன்பே பட்டம் வாங்க முடியுமா?

முடியும். நான் கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்த்து மூன்றரை வருடத்தில் முடித்தேன். போட்ட திட்டம் என்னவோ மூன்று வருடத்துக்கு.

நீங்கள் இங்கே பிளஸ் டூ முடித்து எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். "என் மகள் மூன்றே வருடத்தில் முடித்தாளே" என்று வரப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அங்கேயே பள்ளி படித்த பிள்ளைகளில் பலர் ஏ.பி. என்ற கல்லூரித் தரத் தேர்வைப் பள்ளியிலேயே எழுதி, கையில் கிரெடிட்டோடுதான் (பாடத்துக்கு இத்தனை என்று சேரும் புள்ளிகள்) கல்லூரிக்குள் நுழைகிறார்கள். நான் வெறும் மார்க் ஷீட்டோடு போனவன்.

பட்டத்துக்கு 120 கிரெடிட். செமஸ்டருக்கு 18 எடுத்து, கோடையில் பக்கத்து இரண்டு வருடக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் வரலாறு மாதிரி பொதுப் பாடங்களைக் குறைந்த கட்டணத்தில் தள்ளிவிட்டால் மூன்று வருடத்தில் கணக்கு சரியாக வரும். எக்செல்லில் ஆறு செமஸ்டருக்கும் கட்டம் போட்டு, கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டியும் வைத்தேன்.

கிரெடிட்டைக் கூட்டியவன், எந்தப் பாடம் எப்போது நடக்கும் என்று பார்க்கவில்லை. எங்கள் துறையில் கட்டாயமான ரியல் அனாலிசிஸ் என்ற கணிதப் பாடத்தின் இரண்டாம் பாகத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது: ஸ்பிரிங் (ஜனவரியில் தொடங்கும் செமஸ்டர்) மட்டும், அதுவும் இரட்டைப்படை ஆண்டுகளில். நான் சேர்ந்தது 2014 ஆகஸ்டில். 2016 ஸ்பிரிங்கில் முதல் பாகமே முடித்திருக்கவில்லை. அடுத்தது 2018. பாடத்தேர்வுக்கு வழிகாட்டும் அட்வைசர் என் தாளில் அந்தக் கட்டத்தைப் பென்சிலால் சுழித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். கடைசியில் மனு கொடுத்து, அதற்குப் பதிலாக ஒரு மாஸ்டர்ஸ் பாடத்தை 2017 ஃபாலில் (ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டர்) எடுத்து, டிசம்பரில் முடித்தேன்.

ஒரு செமஸ்டர் பணம் மிச்சம் என்று அப்பாவுக்குச் சந்தோஷம். எனக்கு அதோடு நிம்மதி போனது. படிப்பு முடிந்த 60 நாளுக்குள் ஓ.பி.டி. (படிப்புக்குப் பின் வேலை பார்க்கக் கிடைக்கும் அனுமதி) தொடங்கியாக வேண்டும், தொடங்கியபின் வேலையில்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம். பிப்ரவரியில் தொடங்கினால் மே மாதத்தில் தீர்ந்துவிடும். நான் பேசிய கம்பெனிகளோ, புதுப் பட்டதாரி என்றால் ஜூனில் வா என்றன. 71-ஆம் நாள் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். (டபுள் மேஜர் என்பதால் ஓ.பி.டி.யும் டபுள் ஆகாது.) இன்டர்வியூவில் கணிதத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பிடித்துப் படித்தது, அதில் வருத்தமில்லை.

அதனால் பாடப் பட்டியலை எடுத்து, கடைசி செமஸ்டரிலிருந்து பின்னோக்கிக் கட்டம் போடுங்கள்.

அப்புறம், பாடத்தின் ஆன்லைன் தளத்துக்குள் நுழையக் கேட்கும் அந்த ஆக்சஸ் கோடு. வீட்டுப்பாடத்தை ஆன்லைனில் சமர்ப்பிக்கவே 100 டாலர்! சீனியரிடம் பழைய புத்தகம் வாங்கினாலும் ஆக்சஸ் கோடு மட்டும் புதிதாகத்தான் வாங்க வேண்டும், செமஸ்டர் முடிந்ததும் செல்லாது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.