அக்கா மகனுக்குத் தூண்டில் லைசென்ஸ் வேண்டுமா?

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் அக்கா மகனுக்கு 13 வயது, சிம்கோ ஏரியில் தூண்டில் போட லைசென்ஸ் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், வெளிநாட்டிலிருந்து வரும் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் லைசென்ஸ் உள்ள ஒருவருடன் போனால் போதும். ஆனால் அவன் வைத்துக்கொள்ளும் மீன் உங்கள் கணக்கில்தான் சேரும். பலர் சறுக்குவது இங்கேதான். சிம்கோவில் வைத்துக்கொள்ளக்கூடிய பாஸ் மீன், முழு அளவு தரும் ஸ்போர்ட் லைசென்ஸுக்கு 6, குறைந்த அளவு தரும் கன்சர்வேஷன் லைசென்ஸுக்கு 2. உங்களுடையது இரண்டாவது என்றால், அவன் இரண்டை வாளியில் போட்டதும் உங்கள் பங்கு முடிந்தது!

உங்கள் மகள் விஷயம் வேறு. இங்கேயே வசிப்பதால் 18 வயது வரை லைசென்ஸ் வேண்டாம், தனிக் கணக்கு. பெயரும் பிறந்த தேதியும் உள்ள அட்டை கையில் இருக்கட்டும். என் மகனின் பள்ளி அட்டையில் படம் இருந்தது, பிறந்த தேதி இல்லை. அதிகாரி சிரித்தார், எனக்குத்தான் வியர்த்தது.